தாழ்தலும் தாழ்த்தலும்: அன்றாடக் கிறித்தவ வாழ்வில் தாழ்மையும் வாய்மையும் – திருச்சிராப்பள்ளி, பொன்மலை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ அறவியலில் தாழ்மையும் வாய்மையும் தனித்தனி நற்பண்புகளாகவே பெரும்பாலும் விளக்கப்பெறுகின்றன. நடைமுறை வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன என்பதும், ஒன்று நீங்கினால் மற்றது தன் இயல்பை இழக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும். இதனை நிறுவத் தமிழ்ச் சொற்களின் தன்வினை, பிறவினை வேறுபாடு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வும், 19ஆம் நூற்றாண்டில் அதே ஊரின் நீதிமன்றத்தில் பணியைத் தொடங்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வும், 20ஆம் நூற்றாண்டில் உருவான பொன்மலை இருப்புப்பாதைக் குடியிருப்பின் தொழில்சார் வாழ்வும் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: தாழ்மை, தாழ்ச்சி, வாய்மை, அடக்கம், சுவார்ட்ஸ், வேதநாயகம் பிள்ளை, பொன்மலை, சாதி.

முன்னுரை

அறப்பண்புகளைப் பற்றிப் பேசும் நூல்கள் தமிழில் மிகுதி. ஆயினும் ஒரு பண்பு ஏட்டிலிருந்து இறங்கி, சம்பள நாளிலும் சந்தைக் கடையிலும் வழக்கு மன்றத்திலும் எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஆராயும் முயற்சிகள் குறைவாகவே உள்ளன. கிறித்தவத் தமிழிலக்கியம் குறித்த ஆய்வுகளும் காப்பியம், சிற்றிலக்கியம், கீர்த்தனை ஆகியவற்றின் இலக்கிய நயத்தை விளக்கும் அளவிற்கு, அவை வேண்டிநிற்கும் வாழ்க்கை முறையை விளக்குவதில்லை. 

திருச்சிராப்பள்ளி வட்டாரம் இத்தகைய ஆய்விற்குப் பொருத்தமான களமாகும். கத்தோலிக்க, சீர்திருத்தச் சபைகள் இரண்டும் இங்கு நீண்ட வரலாறு உடையன. வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. கோட்டைப் பகுதியில் 1766இல் எழுந்த கிறிஸ்து ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நகரின் கிழக்கே பொன்மலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. துறவியர், அதிகாரி, தொழிலாளி என்னும் மூவகை வாழ்வையும் ஒரே வட்டாரத்தில் ஒப்புநோக்க இது இடந்தருகிறது.

1. சொல்லும் பொருளும்

'தாழ்மை', 'தாழ்ச்சி', 'பணிவு', 'அடக்கம்' ஆகிய சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. இவற்றுள் 'தாழ்ச்சி' கத்தோலிக்கர் வழக்கிலும், 'தாழ்மை', 'மனத்தாழ்மை' என்பன சீர்திருத்தச் சபையினர் வழக்கிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. கத்தோலிக்க ஞானோபதேச மரபில் தலையான பாவங்கள் ஏழு எனவும், அவற்றிற்கு எதிரான புண்ணியங்கள் ஏழு எனவும் வகுக்கப்பட்டுள்ளன. பாவங்களின் வரிசையில் முதலில் நிற்பது அகங்காரம். புண்ணியங்களின் வரிசையில் முதலில் நிற்பது தாழ்ச்சி. உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு ஆகியன அதனைத் தொடர்கின்றன. தாழ்ச்சியே ஏனைய பண்புகளுக்கு வாயில் என்னும் கருத்தை இவ்வரிசைமுறை உணர்த்துகிறது.

கிறித்தவம் வருவதற்கு முன்னரே தமிழில் இப்பண்புகளுக்கு வளமான சிந்தனை மரபு இருந்தது. திருக்குறளில் 'அடக்கமுடைமை' 13ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகிறது. 'வாய்மை' 30ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் இடம்பெறுகிறது. வள்ளுவர் வாய்மையை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுதல் என்று மட்டும் வரையறுக்கவில்லை. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல் என்பதனோடு அதனை இணைத்தார். எனவே தமிழ்க் கிறித்தவர் 'வாய்மை', 'உண்மை', 'நேர்மை' ஆகிய சொற்களைக் கையாண்டபோது, அவற்றுடன் இச்சிந்தனை மரபும் வந்து சேர்ந்தது. இல்லறத்தாருக்கு ஒன்று, துறவியருக்கு ஒன்று என வைப்புமுறையில் பிரிந்து நின்ற இரண்டையும், ஒரே மனிதரின் ஒரே நாளில் ஒருங்கே வேண்டுவது கிறித்தவ நடைமுறையின் தனித்தன்மை எனலாம்.

இங்கு ஓர் இலக்கணக் கூறு கருதத்தக்கது. தாழ் – தாழ்த்து, அடங்கு – அடக்கு, ஒடுங்கு – ஒடுக்கு ஆகிய இணைகளில் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒருவர் தாமே விரும்பித் தாழ்வது வேறு. பிறரால் தாழ்த்தப்படுவது வேறு. முன்னது அறம், பின்னது கொடுமை. ஆயினும் 'தாழ்வு', 'அடக்கம்', 'ஒடுக்கம்' என்னும் பெயர்ச்சொற்களில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. 'அவர் அடக்கமானவர்' என்னும் தொடர், அவர் தாமே அடங்கினாரா, அடக்கப்பட்டாரா என்பதைக் கூறுவதில்லை. இம்மயக்கம் மொழியளவில் நிற்பதன்று. சமூகத்தில் வலியோர் எளியோரிடம் 'தாழ்மை' எதிர்பார்க்கும்போதெல்லாம் இதுவே அவர்களுக்கு உதவுகிறது. இம்மயக்கத்தைத் தீர்க்கும் கருவி வாய்மையே என்பதைப் பின்வரும் சான்றுகள் காட்டும்.

2. விவிலியத்தில் இரு பண்புகளின் இணைவு

புதிய ஏற்பாட்டில் தாழ்மை பற்றிய அடிப்படைப் பகுதி, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் ஆகும். இறைநிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என அப்பகுதி கூறுகிறது. இங்குத் தாழ்தல் மேல்நிலையில் உள்ளவரின் செயல் என்பது கவனிக்கத்தக்கது. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆசிரியரே மாணவரின் பாதங்களைக் கழுவுகிறார். இந்நிகழ்வு பெரிய வியாழனன்று ஆலயங்களில் ஆண்டுதோறும் சடங்காக நிகழ்த்தப்படுகிறது. கீழ்நிலையில் வைக்கப்பட்டோரை மேலும் குனியச் சொல்லும் கட்டளையாக இப்பகுதிகள் அமையவில்லை.

லூக்கா நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது இரு பண்புகளின் உறவு தெளிவாகிறது. 18ஆம் அதிகாரத்தில் பரிசேயனும் ஆயக்காரனும் கோவிலில் மன்றாடுகின்றனர். பரிசேயன் கூறியவை பொய்யல்ல. அவன் நோன்பிருந்ததும் பத்தில் ஒரு பங்கு செலுத்தியதும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தன்னை மற்றொருவனோடு ஒப்பிட்டு உயர்த்திக்கொள்ளும் கருவியாக அந்த உண்மையை அவன் பயன்படுத்தினான். தாழ்மை நீங்கிய உண்மை தற்புகழ்ச்சியாகிறது. ஆயக்காரனோ தன் நிலையை உள்ளவாறு ஏற்றான்.

அடுத்த அதிகாரத்தில் சகேயு என்னும் மற்றோர் ஆயக்காரர் வருகிறார். தாம் அநியாயமாகப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் அறிவிக்கிறார். முன்னவரிடம் மனவுணர்வாக நின்ற தாழ்மை, சகேயுவிடம் கணக்காகவும் பணமாகவும் வெளிப்படுகிறது. நெஞ்சில் அடித்துக்கொள்வதோடு தாழ்மை முடிந்துவிடுவதில்லை. ஏமாற்றப்பட்டவரின் கைக்குப் பொருள் திரும்பும்போதே அது நிறைவுறுகிறது. திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பிரா ஆகியோரின் நிகழ்வு இதற்கு மறுதலையானது. அவர்கள் கொடுக்காமல் போனதற்காகக் கண்டிக்கப்படவில்லை. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்தவர்போல் காட்டிக்கொண்டதே குற்றமாயிற்று. இது வாய்மை நீங்கிய தாழ்மை. இன்றைய நன்கொடைக் கல்வெட்டுகளை நோக்குவோர்க்கு இந்நிகழ்வின் பொருத்தம் புலப்படும்.

3. நாள்வழிப் பயிற்சிகள்

பண்பு என்பது பயிற்சியால் அமைவது. இரு பண்புகளையும் ஒருங்கே பழக்குவிக்கும் நடைமுறைகளைத் திருச்சபை மரபுகள் வகுத்துள்ளன. கத்தோலிக்க மரபில் 'ஆத்துமசோதனை' எனப்படுவது இரவில் உறங்கச் செல்லும் முன் அன்றைய நினைவு, சொல், செயல், கடமை தவறுதல் ஆகியவற்றைத் தானே ஆராய்தல் ஆகும். முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என வழங்கி, இன்று 'ஒப்புரவு அருளடையாளம்' எனப்படும் நடைமுறை இதன் தொடர்ச்சியாகும். இங்கு ஒருவர் தம் குற்றத்தைத் தம் வாயாலேயே கூற வேண்டும். பிறர் குற்றத்தைக் கூற இடமில்லை. களவு, வஞ்சகம் ஆகியவற்றில் மன்னிப்பு வேண்டுவதோடு, கெடுத்ததை ஈடுசெய்தலும் கடமையாக்கப்பட்டுள்ளது. பழைய சொல்லான 'சங்கீர்த்தனம்' அறிக்கையிடுதலை முன்னிறுத்தியது. புதிய சொல்லான 'ஒப்புரவு' முறிந்த உறவைச் சீராக்குதலை முன்னிறுத்துகிறது. இச்சொல் மாற்றத்தில் ஒரு கருத்து வளர்ச்சி உள்ளது.

சீர்திருத்தச் சபை மரபில் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் தரங்கம்பாடி மிஷனரிகள் வழியாகத் தமிழில் வழங்கலாயிற்று. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளைக்கு அந்நூல் தரும் விளக்கம் விரிவானது. அயலாரைக் காட்டிக்கொடாமையும், அவர்பற்றி அவதூறு பேசாமையும், அவர் செயலுக்கு இயன்றவரை நற்பொருள் கொள்ளுதலும் அக்கட்டளையுள் அடங்கும் என அது போதிக்கிறது. வாய்மைக்கு நன்மையை எல்லையாக வகுத்த வள்ளுவரின் பார்வைக்கு இது அணுக்கமானது. புறங்கூறுவோர் பலரும் 'உண்மையைத்தானே சொன்னேன்' எனத் தம்மைக் காத்துக்கொள்வதுண்டு. உண்மையே ஆயினும், அதைச் சொல்லும் நோக்கமும் இடமும் ஆராயப்பட வேண்டும் என்பதே இரு மரபுகளின் கருத்துமாகும்.

4. சுவார்ட்ஸ் ஐயர்: எளிமையும் நம்பகமும்

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றினார். 1778இல் தஞ்சாவூரைத் தம் உறைவிடமாகக் கொண்டார். 1798 பிப்ரவரி 13இல் அங்கு மறைந்தார்.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த முறையை நேரிற்கண்டோர் பதிவுசெய்துள்ளனர். மாதம் 10 வராகன், அதாவது ஆண்டிற்கு ஏறத்தாழ 48 பவுன் அவரது வருவாய். பழைய கட்டடமொன்றில் கட்டில் ஒன்று இடுவதற்கே போதுமான சிற்றறை அவரது இருப்பிடம். உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும் உணவு; கருஞ்சாயம் ஏற்றிய பருத்தித் துணி உடை. 1763இல் திருச்சிராப்பள்ளியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். அதனால் ஆதரவற்றுப்போன குழந்தைகளுக்காக அவர் பள்ளி தொடங்கினார். படைக்குருவாகப் பணிசெய்ததற்காகக் கும்பினியார் பின்னர் ஆண்டிற்கு 100 பவுன் அளித்தபோது, அதன் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்குமே செலவிட்டார். எளிய வாழ்வு அவருக்கு நோன்பாக மட்டும் அமையவில்லை; மக்கள் அவரது கணக்கைக் கண்ணால் சரிபார்க்க உதவும் வெளிப்படைத்தன்மையாகவும் அமைந்தது.

இவ்வெளிப்படைத்தன்மை அரசியலில் சோதிக்கப்பட்ட நிகழ்வுகள் இரண்டு. 1779இல் ஐதர் அலியிடம் தூது செல்லக் கும்பினியார் சுவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தனர். பிற தூதர்களை நம்ப மறுத்த ஐதர் அலி, இவர் தம்மை ஏமாற்றமாட்டார் என நம்பினார். சீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பும்போது வழிச்செலவிற்கென ஐதர் அலி 300 ரூபாய் அளித்தார். தம் பயணச்செலவு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டதால், சுவார்ட்ஸ் அத்தொகையைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என அரசு கூறியபோது, தஞ்சையில் ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கு அதனை மூலநிதியாக்கினார். ஒரு செலவிற்கு இருமுறை பணம் பெறுதல் கூடாது என்னும் இவ்வெளிய விதி, பயணப்படிப் பட்டியல் நிரப்பும் இன்றைய அலுவலர் ஒவ்வொருவருக்கும் உரியது.

இரண்டாம் நிகழ்வு 1781ஆம் ஆண்டையொட்டியது. ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டையில் உணவின்றி மக்கள் மாண்டனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆயினும் கோட்டைக்குக் கொண்டுவர உழவர் முன்வரவில்லை. முன்னர் நெல்லும் மாடும் கொடுத்தவர்க்கு அரசு அலுவலர் உரிய பணத்தைக் கொடுக்காமையே காரணம். விலைக்குத் தாமே பொறுப்பு எனச் சுவார்ட்ஸ் உறுதி அளித்தபின் ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. வாக்களித்தவாறே உரியவர்க்குப் பணமும் கொடுக்கப்பட்டது. அரசின் ஆணை செய்ய முடியாததை ஒரு தனிமனிதரின் சொல் செய்தது. அச்சொல்லுக்கு அம்மதிப்பை ஈட்டித்தந்தவை முந்தைய இருபதாண்டுகளின் சிறுசிறு கொடுக்கல் வாங்கல்களே. அன்றாடத்தில் சேர்த்த நம்பகம் பஞ்ச காலத்தில் உணவாயிற்று.

பிற்காலத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர், தம் சமயத்தை மாற்றிக்கொள்ளாமலே, தம் காப்பாளராயிருந்த சுவார்ட்ஸுக்குத் தஞ்சை ஆலயத்தில் ஜான் பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் நினைவுச்சின்னத்தை நிறுவினார். நேர்மை சமய எல்லையைக் கடந்து மதிக்கப்படுவதற்கு இது கண்கூடான சான்று.

5. தாழ்த்தல் என்னும் சோதனை

இத்தகைய சான்றோர் உருவாக்கிய சபைகளிலும் ஒரு முரண்பாடு நிலவியது. சாதி அடிப்படையிலான தனி இருக்கை முறையைச் சுவார்ட்ஸ் காலத்துச் சபைகள் ஏற்றிருந்தன. கல்வியாலும் போதனையாலும் அது படிப்படியாக மறையும் என அவர் எதிர்பார்த்தார்; அது மறையவில்லை. சுவார்ட்ஸின் மாணவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், இசையாலும் கவிதையாலும் தமிழ்த் திருச்சபைக்குப் பெருந்தொண்டு ஆற்றியவர். அவரே 1820களில், புதிய மிஷனரிகள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்றபோது அதனை எதிர்த்து எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிக்கப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பலர் சபையை விட்டு விலகினர். கத்தோலிக்கரிடையிலும் இச்சிக்கல் இருந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நின்ற சுவர் 21ஆம் நூற்றாண்டிலும் போராட்டத்திற்குரிய பொருளாயிற்று.

தன்வினை, பிறவினை வேறுபாடு இங்கு இன்றியமையாததாகிறது. ஆலயத்தில் தரையில் அமரவும், நற்கருணைக் கிண்ணத்தைப் பின்னர்ப் பெறவும், கல்லறையிலும் ஒதுங்கவும் வேண்டும் எனச் சிலர் கட்டாயப்படுத்தப்பட்டபோது, அது 'தாழ்மை' என்னும் பெயரால் நியாயப்படுத்தப்பட்டது. உண்மையில் அது தாழ்த்தலே. தாழ வேண்டியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தவரே. அவர் தம் இருக்கையை விட்டு இறங்குவதே பிலிப்பியர் திருமுகம் கூறும் தாழ்மையாகும். தாழ்த்தப்பட்டவர் நிமிர்ந்து எழுந்து, 'இது அநீதி' எனக் கூறுவது அகங்காரம் ஆகாது, அது வாய்மை. தனக்கு நேர்ந்த அவமதிப்பை இறைவனின் திருவுளம் எனப் பெயரிட்டு மறைப்பதும் ஒருவகைப் பொய்யே. சுவார்ட்ஸின் தனிவாழ்வு நேர்மையைப் போற்றும் ஆய்வாளர், இக்குறையையும் அதே நேர்மையுடன் பதிவுசெய்தல் வேண்டும். புகழுரை மட்டும் எழுதுவது அவர் கடைப்பிடித்த அளவுகோலுக்கே மாறானது.

6. வேதநாயகம் பிள்ளை: அலுவலக அறம்

துறவியல்லாத இல்லறத்தார் ஒருவரின் சான்று இனி நோக்கத்தக்கது. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணிபுரிந்து 1872இல் ஓய்வுபெற்றார், 1889இல் மறைந்தார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1859இல், அவர் 'நீதிநூல்' வெளியிட்டிருந்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நீதிநூல் மரபான அறநூல் வடிவில் அமைந்தாலும், அதன் பொருளடைவு ஒரு நீதிமன்ற அலுவலரின் அனுபவத்தைக் காட்டுகிறது. பொய், களவு, சூது ஆகியவற்றோடு கைக்கூலியும் தனித்துப் பேசப்படுகிறது. கையூட்டு பெறும் அலுவலர் நடுவே அமர்ந்து கையூட்டைக் கண்டித்து எழுதுவதற்குத் துணிவு வேண்டும். பிறரைக் கண்டிக்கும் நூல் முதலில் எழுதியவரையே அளக்கும்.

அவரது வாய்மையின் மற்றொரு வடிவம் மொழி சார்ந்தது. உயர்நீதிமன்றம் தோன்றுவதற்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். வழக்காடுவோர் அறியாத மொழியில் வழக்கு நடப்பது முறையன்று என்பதை அவர் நாவலிலும் வலியுறுத்தினார். வழக்காளி தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என அறியாதவரை, மன்றத்தில் உண்மை வெளிப்பட்டதாகக் கொள்ள இயலாது. அறிவுடையோர் தம் அறிவை எளியோர் கைக்கு எட்டும் உயரத்திற்குத் தாழ்த்தி வைத்தலும் தாழ்மையின் ஒரு கூறே. 'தாழ்த்து' என்னும் பிறவினை இங்கு மட்டும் நற்பொருள் பெறுகிறது. தாழ்த்தப்படுவது மனிதர் அல்லர், ஏணியே.

கத்தோலிக்கராகிய அவர், திருச்சிராப்பள்ளி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நெருங்கிய நண்பர். மகாவித்துவான் இவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். வேதநாயகம் பிள்ளையோ 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' இயற்றினார். தம் நம்பிக்கையில் உறுதியுடன் நின்று, பிறர் நம்பிக்கையை இழித்துரையாமை தாழ்மையும் வாய்மையும் இணையும் மற்றோர் இடமாகும். 1876–78 பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியது இச்செயலை முன்னிட்டே எனக் கூறுவர்.

7. பொன்மலை: தொழிலாளர் வாழ்வில் இரு பண்புகள்

தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம், நாகப்பட்டினத்தில் இயங்கிய தன் பணிமனையை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றியது. பணிமனையோடு தொழிலாளர் குடியிருப்பும் சந்தையும் வழிபாட்டிடங்களும் அமைந்தன. விவிலியம் காட்டும் நாசரேத்தூர் வாழ்வுக்கும் இவ்வாழ்வுக்கும் ஓர் உறவு உண்டு. வீரமாமுனிவர் தம் தேம்பாவணிக்குத் தலைவராக மன்னரையோ போர்வீரரையோ கொள்ளவில்லை. மரத்தச்சராகிய சூசையப்பரையே 'வளன்' எனப் பெயரிட்டுக் கொண்டார். கைத்தொழிலாளி ஒருவர் பெருங்காப்பியத் தலைவராகும் இவ்வமைப்பே தாழ்மை பற்றிய ஓர் இலக்கியக் கூற்றாகும். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவாக அறிவித்தார்.

பணிமனை வாழ்வில் வாய்மை என்பது கருத்தளவில் நிற்பதில்லை. சக்கரத்தின் அச்சில் மயிரிழை விரிசல் கண்ட தொழிலாளி அதனை மேலாளரிடம் கூறுகிறாரா, வேலை முடிந்ததாகக் கையொப்பமிடுகிறாரா என்பதில் முகமறியாப் பயணிகளின் உயிர் அடங்கியுள்ளது. தாம் கடைந்த உறுப்பு அளவில் பிழைத்ததெனில், 'என் பிழை' என முதலில் கூறுவதற்குத் தாழ்மை வேண்டும். தாழ்மை இல்லாதவர் பழியை உதவியாளர்மீது ஏற்றுவார். அங்கு வாய்மையும் அழிகிறது. இரு பண்புகளும் ஒன்றையொன்று தாங்கும் முறை இதில் துலக்கமாகிறது. மேலாளரின் கடமையும் இணையானதே. பிழையை ஒப்புக்கொண்டவரை அவமதிக்கும் இடத்தில் அடுத்த பிழை மறைக்கப்படும். எனவே உண்மை பேசத் தக்க சூழலை அமைத்தல் அதிகாரம் உடையோரின் தாழ்மையாகும்.

பொன்மலை மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1946 செப்டம்பர் 5ஆம் நாள், தொழிலாளர் போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். சங்கத் திடலில் அந்நாள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. போராடியோர் பல சமயத்தினர். அப்போராட்டம் சமயம் சார்ந்ததன்று. ஆயினும் தாழ்மை என்பது அநீதிக்கு முன் வாய்மூடியிருத்தலா என்னும் வினாவை அந்நிகழ்வு கிறித்தவச் சிந்தனைக்கும் எழுப்புகிறது. உழைத்தவரின் கூலியைப் பிடித்துவைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் எனக் கத்தோலிக்க ஞானோபதேசமே கற்பிக்கிறது. ஆகவே உரிய கூலியை உரத்துக் கேட்பது தாழ்மைக்கு முரணாகாது.

பணிமனைக்கு வெளியே குடும்பத்திலும் சபையிலும் இப்பண்புகள் சோதிக்கப்படுகின்றன. பிள்ளைகளிடம் தவறிழைத்த பெற்றோர், 'நான் செய்தது தவறு' எனக் கூறுதல். பங்குப்பேரவையிலோ சபைக்குழுவிலோ வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் அனைவர் முன்னிலையிலும் வைத்தல். சந்தையில் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட சில்லறையைத் திருப்பிக் கொடுத்தல். வராத நாளுக்கு வருகைப் பதிவு இடாமை ஆகியன எளிய செயல்களே. கல்வியுலகிற்கும் இவை பொருந்தும். பிறர் ஆய்வை எடுத்தாண்டு பெயர் குறிப்பிடாமை, மாணவர் உழைப்பில் உருவான கட்டுரைக்கு முதற்பெயராகத் தம் பெயரை இடுதல் ஆகியவற்றில் தாழ்மையும் வாய்மையும் ஒருங்கே குன்றுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தாழ்மை என்பது தன்வினை. அதனைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம். பிறர்மீது விதித்தல் இயலாது. விதிக்கப்படுமிடத்து அது தாழ்த்தலாகிறது.

வாய்மை நீங்கிய தாழ்மை அனனியாவின் நடிப்பாகிறது. தாழ்மை நீங்கிய வாய்மை பரிசேயனின் தற்புகழ்ச்சியாகிறது. இரண்டும் இணையும்போதே சகேயுவின் செயல் போன்ற ஈடுசெய்தல் நிகழ்கிறது.

சுவார்ட்ஸின் வாக்கு 80,000 கலம் நெல்லைக் கொணர்ந்தது அன்றாட நேர்மையின் சமூகப் பயனைக் காட்டுகிறது. அவர் காலத்துச் சபைகளில் நீடித்த சாதி இருக்கைகளோ, தனிமனித நேர்மை மட்டும் போதாது என்பதைக் காட்டுகின்றன. அமைப்பும் தன் பிழையை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

வேதநாயகம் பிள்ளையின் பணியும் பொன்மலைத் தொழிலாளர் வாழ்வும், இப்பண்புகள் துறவியர்க்கு மட்டும் உரியன அல்ல என்பதை உணர்த்துகின்றன. ஆவணத்தைத் தமிழாக்கும் மேசையும் அச்சைச் சரிபார்க்கும் பட்டறையும் அவற்றின் களங்களே.

தமிழகத்தின் பிற தொழில் நகரங்களிலும், இலங்கை மலையகத் தோட்டப்புறங்களிலும் வாழும் கிறித்தவத் தமிழரின் வழக்காறுகளையும் சபைப் பதிவேடுகளையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு. அவ்வாய்வு, யார் தாழ்ந்தனர் என்பதோடு, யார் தாழ்த்தப்பட்டனர் என்பதையும் கேட்குமாயின் பயன் நிறைந்ததாக அமையும்.